‘செய்யப்பட்டது’ சரி... யாரால்?



மலர்க் குழு நண்பன் விடுதி அறைக்கு வந்து, “மச்சி, உன் பங்குக்கு ஒரு கட்டுரை குடுடா” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாமாண்டு கம்யூனிகேஷன் இங்கிலீஷில் அரியர் வைத்து, இரண்டாவது முயற்சியில் கரையேறியவன் நான். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றும் பத்து வாக்கியங்களை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்து, அதில் ஐந்து வந்ததால் பாஸானேன். அப்படிப்பட்டவன் ஒரு பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் கருத்தரங்கில் எழுந்து நின்று கேள்வி கேட்டேன் என்றால் நம்புவீர்களா? நம் மெக்கானிக்கல் வகுப்பில் ஒருவனும் நம்பவில்லை. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆம்பூர். 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால் இன்னும் ‘வேலூர் பக்கம்’ என்றுதான் வாயில் வருகிறது. எங்கள் நைனா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எதிர் வீட்டு அக்காவின் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால்தான் எங்கள் தெருவில் விடிந்ததாகக் கணக்கு.

அந்த அக்கா எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இயந்திரவியலில் ஆராய்ச்சி என்றால் ஏதாவது இயந்திரம் இருக்கும். வேதியியலில் குடுவையாவது இருக்கும். “இங்கிலீஷ்ல ஆராய்ச்சின்னா இன்னாக்கா பண்ணுவீங்க? ஷேக்ஸ்பியரே எல்லாத்தையும் எழுதிட்டாரே?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதமும் மூன்று கலர் பென்சிலும் எடுத்து வந்தார். “இதான்டா என் லேப்” என்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். கவிதையுமில்லை, நாடகமுமில்லை. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு! வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய அமர்வு 1996 ஆகஸ்ட் 28-ல் கொடுத்த தீர்ப்பு. தோல் ஷாப்புக் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலமும் பாழானது பற்றியது. இந்திய சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் இதைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். நம் ஊர்ப் பெயரில் இவ்வளவு பெரிய தீர்ப்பு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஆம்பூர் என்றால் பிரியாணி என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“இது வக்கீல் படிக்கறதாச்சே, இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல எதுக்கு?”

“வக்கீல் சட்டத்தப் பாப்பாங்க. நான் வாக்கியத்தப் பாக்கறேன்” என்றார் அக்கா. பிறகு அவர் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நாம் லேப் ரெக்கார்டு எழுதுகிறோம் அல்லவா? ‘சோதனைத் துண்டு பொருத்தப்பட்டது, சுமை ஏற்றப்பட்டது, அளவு குறிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எல்லாம் பேசிவ் வாய்ஸ். யார் பொருத்தினார், யார் ஏற்றினார் என்று ஒரு வரியிலும் இருக்காது. (உண்மையில் பாதிப் பேர் பக்கத்து மேஜையைப் பார்த்துக் குறித்ததுதான். அதற்குப் பேசிவ் வாய்ஸ் ரொம்ப வசதி!) லேபில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ‘கழிவுநீர் வெளியேற்றப்பட்டது’ என்று ஒரு அறிக்கை சொன்னால், வெளியேற்றியவர் எங்கே போனார்? இலக்கணப்படி வாக்கியத்தில் ஒரு தப்புமில்லை. ஆள் மட்டும் காணாமல் போய்விட்டான்.

இதை வைத்து ஒரு ஆராய்ச்சித் துறையே உண்டாம். இங்கிலாந்தில் ரோஜர் ஃபௌலர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1979-ல் ‘லாங்குவேஜ் அண்ட் கன்ட்ரோல்’ என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் டோனி ட்ரூ என்பவர் ஒரு வேலை செய்திருக்கிறார். அப்போது ரொடீஷியா என்றிருந்த நாட்டில் (இன்றைய ஜிம்பாப்வே), 1975 ஜூன் மாதம் போலீஸ் சுட்டுக் கறுப்பின மக்கள் செத்தார்கள். அந்தச் செய்தியை லண்டன் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். அவற்றில் ஒன்றில், தலைப்பிலும் முதல் வரியிலும் செத்தவர்கள் முன்னால் வருகிறார்கள், சுட்ட போலீஸ் வாக்கியத்தின் வாலுக்குப் போகிறது. அடுத்த நாள் செய்தி வரும்போது வாலும் அறுந்துவிடுகிறது. பொய் ஒரு வார்த்தை கூட இல்லை. வாக்கியத்தைத் திருப்பி வைத்ததோடு சரி.

அக்கா சிவப்புப் பென்சிலால் செய்வது இதைத்தான். ஆள் இல்லாத வாக்கியத்துக்குச் சிவப்பு. ஆள் இருந்தால் பச்சை. சந்தேகமென்றால் நீலம். தீர்ப்பு, அதற்கு முந்தைய அரசு அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள் எல்லாவற்றையும் இப்படி வண்ணம் தீட்டி வைத்திருந்தார். தீர்ப்பின் முதல் வாக்கியம் முழுக்கப் பச்சை. அந்த ஒரு வாக்கியத்திலேயே ‘பை’ என்ற ஆங்கிலச் சொல் மூன்று முறை வருகிறது. வழக்குப் போட்டது யாரால், மாசு எதனால், கழிவை விட்டது யாரால் என்று மூன்றுக்கும் பதில் வைத்துவிட்டுத்தான் நீதிபதி மேலே போகிறார்.

“பாத்தியா, கோர்ட்டு பேசிவ்லதான் பேசுது. ஆனா ஆளை விடல” என்றார் அக்கா.

எனக்கு அக்கா கொடுத்த வேலை வேறு. தோல் ஷாப்பு வார்த்தைகளைச் சரிபார்ப்பது. ‘வெட் ப்ளூ’ என்று ஓரிடத்தில் வந்தது. “இது இன்னாடா, ஏதோ சோகப் பாட்டு மாதிரி?” என்று கேட்டார். எதிர் வீட்டில் பிறந்து வளர்ந்தும் தெரியவில்லை, பாருங்கள்! குரோம் போட்டுப் பதனிட்டு டிரம்மிலிருந்து எடுத்த ஈரத் தோல் நீலமாக இருக்கும், அதுதான் வெட் ப்ளூ என்று விளக்கினேன். பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய காலத்துத் தோலுக்கு அந்த நீலம் வராது. குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனம் பயன்படுவதாகவும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ கெட்டுவிட்டது என்பதும் அதில்தான் இருக்கிறது. நைனாவிடம் இந்த 35 லிட்டர் கணக்கைச் சொன்னபோது, “அவ்ளோதான் போட்டானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, கருத்தரங்கு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. அக்கா கட்டுரை வாசிக்கிறார், லேப்டாப் தூக்கவும் படம் காட்டவும் துணைக்கு நான். ஆம்பூரிலிருந்து பஸ். பள்ளிகொண்டா தாண்டியதும் அக்கா காகிதத்தை எடுத்து முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேலூருக்குள் நுழையும்போது, டாக்டர் ராதாகிருஷ்ணன் கூட நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார் என்று தைரியம் சொன்னேன். “அவருக்கு பத்து நிமிஷத்துல பெல் அடிச்சிருக்க மாட்டாங்கடா” என்றார்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், நான் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அங்கே பார்த்தவற்றில் சில பெருமைப்படும்படி இல்லை. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிய பதினொன்றரை. சிறப்பு விருந்தினர் நன்றாகப் பேசினார். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக முதலில் அமைந்தது இங்கிலாந்தில் அல்ல, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் என்ற பேராசிரியை 1989-ல் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ என்ற நூலில் காட்டியிருக்கிறாராம். நமக்கு அரியர் வைத்த பாடத்தின் ஆரம்பமே நம் நாட்டில்தான் என்று கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் 2012-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியதையும் சொன்னார். குறித்துக்கொண்டேன். பிறகு தேடிப் படித்தேன்.

அதற்கப்புறம்தான் கூத்து. ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் நான்கு அமர்வு. ஆளுக்குப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஒரு மணி, பத்தில் இன்னொரு மணி. வாசித்தவர்கள் சான்றிதழ் எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, வாங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்தவர் வாசிப்பதை யார் கேட்பது? எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காதான் சொன்னார். பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்கில் வாசித்திருக்க வேண்டும், ஒரு கட்டுரை பத்திரிகையில் வந்திருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2016-ல் விதி போட்டது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கியது, எம்.ஃபில். பட்டமும் அதோடு நின்றது. ஆனால் சான்றிதழ் சேர்க்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. நாமும் சிம்போசியத்துக்குப் போய் அதைத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவின் முறை வந்தபோது அறையில் பதினோரு பேர். தலைமை தாங்கியவர் மூத்த பேராசிரியை ஒருவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல், செல்போனைத் தொடாமல், ஒவ்வொரு கட்டுரைக்கும் குறிப்பு எடுத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவருக்காகவே அந்தக் கருத்தரங்குக்கு நூறு மார்க் போடலாம்.

அக்கா நன்றாகத்தான் வாசித்தார். முடிந்ததும் ஒருவர், “இது இலக்கியமா?” என்று கேட்டார். “வாசிக்கத் தெரிந்தவர்கள் எதையும் வாசிக்கலாம்” என்று பேராசிரியையே பதில் சொல்லிவிட்டு, “வேறு கேள்வி?” என்றார்.

எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிவிட்டேன். எழுந்து “மேடம், ஐ யம்... பாலிடெக்னிக்...” என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது.

“தமிழிலேயே கேளுங்க தம்பி. கேள்விதான் முக்கியம்.”

கேட்டேன். “எங்க தெருவுல யாரும் ‘தண்ணீர் மாசுபடுத்தப்பட்டது’ன்னு பேச மாட்டாங்க மேடம். ‘தண்ணி கெட்டுப் போச்சு’ன்னுதான் சொல்லுவாங்க. இது பேசிவ் இல்ல. ஆனா இதுலயும் ஆள் இல்ல. அக்கா இதுக்கு எந்தக் கலர் அடிப்பாங்க?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. கூட வந்தவனே காலை வாரிவிட்டேனோ?

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் பேசியது பத்து நிமிடத்துக்கு மேல். மணி அடிப்பவர் அடிக்க மறந்துவிட்டார். தமிழில் வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன என்றார். கெட்டது, கெடுத்தான். உடைந்தது, உடைத்தான். நிறைந்தது, நிறைத்தான். முதலாவது தானாக நடந்த மாதிரி, இரண்டாவதில் ஆள் இருக்கிறான். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த விவகாரம்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கு. பரமசிவம், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்த ஜோடிகளைப் பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினாராம். ஆங்கிலத்தில் ஆளை ஒளிக்க வேண்டுமானால் பல நேரம் வாக்கியத்தைத் திருப்ப வேண்டும். தமிழில் அந்தச் சிரமம் வேண்டாம், ஒரு எழுத்தை மாற்றினால் போதும். “கழிவுநீர் ஆற்றில் கலந்தது என்று தினமும் எழுதுகிறோம். தண்ணீர் தானாகக் காலால் நடந்து போய்க் கலந்ததா?” என்று கேட்டுவிட்டு, அக்காவைப் பார்த்து, “உங்களுக்கு ஒரு அத்தியாயம் கூடுகிறது, அம்மா” என்றார்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார். “இன்னும் ஆறு மாசம் வேலை வச்சிட்டயேடா பாவி!” முகம் நிறையச் சிரிப்பு.

பொறியியல் கல்லூரிக்கு லேட்டரல் என்ட்ரி போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகவே நடத்துகின்றன. வெளியாட்களும் உட்கார்ந்து கேட்கலாம். முடிந்த ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ என்ற தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அடுத்தவர் எழுத்து பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் 2018 விதிப்படி நடவடிக்கை உண்டு. நம் ரெக்கார்டு நோட்டுக்கு இந்த விதி வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

அன்று இரவு வீட்டில் நைனாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தீர்ப்பு ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதையும், ‘பொல்யூட்டர் பேஸ்’ என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே அறிவித்ததையும் சொன்னேன். “அப்டின்னா?” என்றார். “கெடுத்தவன் குடுக்கணும்” என்றேன். சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே இருந்தார். எங்கள் மாமாவுக்குப் பாலாற்றுக் கரையோரம் ஒரு ஏக்கர் தென்னை இருந்தது. இப்போது மரங்களும் இல்லை, மாமாவும் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். தோப்பு பற்றி வீட்டில் எப்போது பேச்சு வந்தாலும் ‘கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, மரம் பட்டுப் போச்சு’ என்பதோடு முடியும். அன்று நான் ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டேன்.

“கெட்டுப் போச்சுன்றியே நைனா, கெடுத்தது யாரு?”

அம்மா என்னை முறைத்தார். நைனா தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“பதினாறு வயசுல சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனேன். சுத்திகரிப்பு நிலையம்லாம் அப்ப ஏது? ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல மேஸ்திரி கண்ணு காட்டுவாரு. மதகைத் தெறந்து வுட்டது நான்தான்டா. ஓடையில எறங்கி ஏரிக்குப் போவும். அந்தப் பக்கம்தான் உங்க மாமன் கெணறு. தெரிஞ்சிதான் தெறந்தேன். தெறக்கலன்னா மறுநாள் வேல இல்ல.”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அக்காவின் பச்சைப் பென்சில் ஞாபகம் வந்தது. பச்சை அடிக்க வேண்டிய ஆள் எதிரில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்ணைக் காட்டிய மேஸ்திரி, அவருக்குச் சொன்ன மேனேஜர், வெளிநாட்டிலிருந்து குறைந்த விலைக்கு ஷூ கேட்டவர் எல்லாம் அந்த வாக்கியத்தில் எங்கே உட்காருவார்கள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் மூன்று வருடம் டிப்ளமோ படித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு வர வேண்டிய நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்கும்படி உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறம்!

அடுத்த வாரம் அக்கா நோட்டும் கையுமாக வந்தார். அந்தக் கூடுதல் அத்தியாயத்துக்குத் தோல் ஷாப்புத் தொழிலாளிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டுமாம். நைனாவிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். விருப்பப்பட்டுத்தான் பேசுகிறேன் என்பதற்கு ஒப்புதல்.

“எம் பேரு போடுவியாம்மா?”

“போட மாட்டேன் மாமா. ஒரு தொழிலாளின்னுதான் எழுதுவேன். அதான் ஆராய்ச்சி விதி.”

“அப்ப மறுபடியும் ஆள் இல்லாமப் பூடுதே” என்றேன் நான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நைனா ஒரு மணி நேரம் பேசினார். சுண்ணாம்புக் குழி, உப்புத் தோல், டிரம், மதகு எல்லாம். அக்கா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “நான் சொன்னனே அந்த மதகு சமாச்சாரம், அத இங்கிலீஷ்ல எப்டிடா எழுதுவாங்க?” என்று கேட்டார்.

யோசித்தேன். மனப்பாடம் செய்த பத்து வாக்கியத்தில் இது இல்லை. ஆனாலும் வந்துவிட்டது. “ஐ ஓப்பன்ட் த கேட்.”

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். அவரும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார் நைனா.